பெரியண்ணனோடு வந்தோம்

என் பிறப்புச் சான்றிதழில் ஒரு கட்டத்துக்குள் சின்னக் கோடு ஒன்று இருக்கிறது. 'பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின்' என்று அச்சிட்டு, அவருடைய பெயரையும் பிறந்த ஆண்டையும் பிறந்த இடத்தையும் கேட்கும் கட்டம் அது. நீல மை மங்கி ஊதாவாகிவிட்டது. எழுதியவர் பேனாவை ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார். கோடு முடியும் இடத்தில் மை கொஞ்சம் திரண்டு நிற்கிறது. என் தாத்தா இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அதே மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி, அதே மலையில் அடக்கமானவர். என் பிறப்பைப் பதியப் போன அப்பாவிடம் அதற்கு அத்தாட்சி எதுவும் இருக்கவில்லை. அதனால் கோடு.

என் மகன் பிறந்தபோது அதே கட்டத்தில் என் அப்பாவின் பெயரை எழுத முடிந்தது. அன்றிரவு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் வம்ச அட்டவணை போடத் தொடங்கியது அந்த இரவில்தான். ஆறு வருடங்களாகின்றன. இன்னும் முடியவில்லை.

அந்தக் கட்டம் சும்மா வந்ததல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த நாட்டில் பிறந்தவரையும் பிறப்பால் மட்டும் பிரஜையாக ஏற்கவில்லை. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். வேறு யாருக்கும் வம்ச வரலாறு என்பது ஓய்வுநேரத் தேடலாக இருக்கலாம். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சமான எங்கள் ஆட்களிடம் அதை அரசாங்கம் கேட்டது. சொல்லத் தெரியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

எங்கள் வீட்டில் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் அப்பாயிதான். அப்பாவைப் பெற்றவர். அவர் வயதே யாருக்கும் சரியாகத் தெரியாது. உத்தேச வயதுச் சான்றிதழில் 1925 என்று போட்டிருந்தார்கள். இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை இடித்தபடி அவர் சொல்லும் கதை ஐந்தே வாக்கியம். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

"தாது வருஷப் பஞ்சத்தில் பெரியண்ணனோடு வந்தோம். தொண்டியில் தோணி ஏறினோம். மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தோம். வழியில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்தோம். தட்டப்பாறையில் பல நாள் உட்காரவைத்தார்கள்."

அப்பாயி தோட்டத்தில் பிறந்தவர். கடலைப் பார்த்ததே இல்லை. இருந்தும் 'வந்தார்கள்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'வந்தோம்' என்றுதான் சொல்வார்.

தாது வருஷத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். தமிழ் வருடங்கள் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருபவை. 1876இல் தாது, 1936இல் மறுபடி தாது. அப்பாயி 1936க்கு முன்பே இங்கே பிறந்துவிட்டார், ஆகவே 1876தான். தமிழ்நாட்டில் இன்றைக்கும் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லப்படும் அந்தக் கொடும் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்தது. அந்த வருடங்களில் இலங்கைக்கு ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். 1996இல் தாது மூன்றாம் முறையாக வந்தது. சித்திரைப் பிறப்பன்று வானொலியில் வருடத்தின் பெயரைச் சொன்னதும் அப்பாயி எழுந்து உள்ளே போனார். அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார். அடுத்த காம்பராவில் இரண்டு கொத்து அரிசி கடன் வாங்கி வந்து பானையில் போட்டு, மூடியின் மேல் அம்மிக் குழவியை வைத்தார். எனக்கு அப்போது பதினேழு வயது. ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டவற்றில் அதுவும் ஒன்று.

பஞ்சத்தில் வந்தவர்கள் வந்து சேர்ந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை பின்னர் மலைமலையாகப் பரவியிருந்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆள் வேண்டும். பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 1869இல் இலைகளில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும்; கொழுந்து எடுக்கப் பெண்கள் வேண்டும். வந்துபோனவர்கள் தங்கிப்போனது அதனால்தான். என் ஓட்டன், தாத்தாவின் பாட்டன், பஞ்சத்துக்குத் தப்பிப் பழம் பறிக்க வந்தவராக இருக்க வேண்டும். திரும்பிப் போகும் எண்ணத்தோடுதான் வந்திருப்பார்.

அப்பாயி சொன்ன நடைவழியும் அந்தக் காலத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு. வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெங்கும் ஆட்களைக் கொண்டுபோயின. அட்டனுக்கு ரயில் வந்ததே 1884இல். அதற்கு முன் வந்தவர்கள் டிக்கோயா மலைக்கும் கால்நடையாகத்தான் ஏறியிருக்க வேண்டும். 'விட்டுவிட்டு வந்தோம்' என்ற அந்தப் பிள்ளைக்கு அட்டவணையில் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. செத்த பிள்ளையா, உயிர் போகுமுன்பே விட்ட பிள்ளையா என்று நினைக்கத் தொடங்கினால் என்னால் மேலே எழுத முடிவதில்லை.

சிக்கல் ஒரு தகரத் துண்டால் வந்தது. அப்பாயியின் பெட்டியில், திருமணச் சேலையின் மடிப்புக்குள், காசளவில் ஒரு வட்டத் தகரம் இருந்தது. மேலே ஓட்டை, அதில் இற்றுப்போன நூல். ஒரு பக்கத்தில் எண்கள் அடித்திருந்தன. கடைசி இரண்டும் துருவில் மறைந்துவிட்டன. ஆள்கட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள் கழுத்தில் போட்டு வந்த தகர டிக்கெட் அது. எந்தத் தோட்டத்துக்கு, எத்தனையாவது ஆள் என்று அந்த எண்கள் சொல்லும். ஆனால் தகர டிக்கெட் முறையே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. 1876இல் தொண்டியில் தோணி ஏறிய எவர் கழுத்திலும் அது தொங்கியிருக்க முடியாது.

அப்படியானால் அப்பாயி சொன்னது பொய்யா? ஒரு வருடத்துக்கு மேல் இந்த இடத்திலேயே நின்றேன்.

விடை அந்த ஐந்தாவது வாக்கியத்தில் இருந்தது. சிறுவயதில் அதைக் கேட்கும்போதெல்லாம், ஒரு பெரிய தட்டைப் பாறையின் மேல் வெயிலில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பதுபோல் என் கண்ணுக்குத் தெரியும். தட்டப்பாறை என்பது ஊர்ப் பெயர். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இலங்கைக்குக் கூலிகளாக வருபவர்களைத் தொற்றுநோய்க்குப் பயந்து தடுத்துவைத்த முகாம் அங்கே இருந்தது. பின்னர் மண்டபம் முகாம் பெயர் பெற்றது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரு பக்கமும் ரயிலும் இணைந்தபின் போக்குவரத்து அந்தப் பக்கமே திரும்பிவிட்டது. தட்டப்பாறையில் இருந்தவர்கள் தூத்துக்குடியில் நீராவிக் கப்பல் ஏறிக் கொழும்பில் இறங்கியவர்கள். தொண்டித் தோணிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

அத்தையிடம் தகரத்தைக் காட்டிக் கேட்டேன். அப்பாவின் மூத்த அக்கா; எண்பதைத் தொட்டுவிட்டார். கையில் வாங்கிக் கட்டை விரலால் தடவியபடி, "இது அப்பாயியின் அம்மாவுடையது. சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவராம்" என்றார். இவ்வளவுதான். யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒரு கதை என்று நான் நினைத்தது இரண்டு வருகைகள். தாத்தாவின் வழி பஞ்சத்தில் நடந்து வந்தது. அப்பாயியின் வழி ஒரு தலைமுறை கழித்துத் தகரம் கட்டி வந்தது. வாழ்க்கைப்பட்ட வீட்டின் கதையோடு தன் தாயின் கதையைச் சேர்த்து, அப்பாயி ஒரே 'வந்தோம்' ஆக்கிவிட்டார். சான்றிதழ் கேட்பதோ தகப்பனை, பாட்டனை, பூட்டனை. அந்தக் கட்டங்களில் எதிலும் அப்பாயியின் தாய்க்கு இடமில்லை. அவருக்கு இடம் கொடுத்தது ஒரு சேலை மடிப்பும் ஒரு வாக்கியமும்தான்.

கண்டி மஹியாவ மயானத்தில், இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. ஒருமுறை போய்ப் பார்த்தேன். 1852இல், பதினேழு வயது நிறையுமுன்பே, ஸ்காட்லாந்திலிருந்து வந்த பையன். லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை நட்டவர். 1892இல் இறந்தார். பிறந்த கிராமம் தெரியும், பிறந்த தேதி தெரியும். அவர் தகப்பனுக்கு எழுதிய கடிதங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டை விட்டு வந்த ஒரு பையன் தகப்பனுக்குக் கடிதம் எழுதினான், அந்தக் கடிதங்கள் பிழைத்தன. எங்கள் வீட்டுக்கும் கடிதங்கள் வந்தன. அவை பிழைக்காத கதையைத்தான் சொல்ல வேண்டும்.

தாத்தா இங்கே பிறந்தவர். அவருடைய தகப்பனும் இங்கேதான் பிறந்தார். சட்டப்படி அது போதும். ஆனால் தகப்பனின் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை; அந்தக் காலத்து லயங்களில் பிறந்த பலருக்குப் பதிவே இல்லை. ஆகவே 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் தாத்தாவும் மனுப் போட்டார். ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக மனுக்கள் போயின. 1964 வரையில் கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. விசாரணையில் கேட்கப்பட்ட கேள்விகள் தோட்டம் முழுவதும் மனப்பாடமாக இருந்தனவாம். இந்தியாவில் யார் இருக்கிறார்கள்? பணம் அனுப்புகிறாயா? போய் வந்தாயா? கடிதம் வருகிறதா? அங்கே உறவு இருக்கிறது என்று தெரிந்தால், இங்கே நிலையாக வாழும் எண்ணம் இல்லை என்று ஆகிவிடும்.

விசாரணைக்கு முதல்நாள் இரவு தாத்தா அடுப்பின் முன் உட்கார்ந்து கடிதங்களை ஒவ்வொன்றாக எரித்தார். அத்தைக்கு அப்போது பத்து வயதுபோல இருக்கும்; பக்கத்தில் குந்தியிருந்தார். பிஸ்கட் டின் நிறையக் கடிதங்கள் என்கிறார். ஓர் உறையின் தபால் தலை அழகாக இருந்ததால் அத்தை கேட்டிருக்கிறார். தாத்தா அதை நனைத்துப் பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அத்தையின் விரல்களைப் பிரித்து அதையும் எடுத்து நெருப்பில் போட்டார்.

மனு நிராகரிக்கப்பட்டது. எங்கள் ஊர்ப் பெயர் எழுதியிருந்த தாள்கள் எல்லாம் அந்த அடுப்போடு போயின. அதற்குப் பின் யார் கேட்டாலும் தாத்தா சொன்னது ஒன்றே: "எனக்கு ஊர் இதுதான்."

நம் முன்னோர் படிப்பறிவில்லாதவர்கள், ஊர்ப்பேரைக்கூட மறந்துவிட்டார்கள் என்று எங்கள் பிள்ளைகளே பேசக் கேட்கிறேன். மனம் பொறுக்கவில்லை. என் தாத்தா மறக்கவில்லை. மறக்க வேண்டியிருந்தது; பிள்ளைகளின் சோற்றுக்காக மறந்தார். எங்கள் வம்சத்தில் எங்கெல்லாம் தகவல் இல்லையோ, அங்கெல்லாம் ஒரு மேசையும் அதன் பின்னால் ஒரு கேள்வியும் இருந்திருக்கின்றன.

தாத்தாவின் தம்பியின் கதை இதற்கு நேர் எதிர். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எங்களில் நாடற்றவர்களாக இருந்தோம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. சின்னத் தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். இப்போது கேள்வி தலைகீழாக வந்தது: இந்தியாவில் உன் ஊர் எது?

ஊர் இல்லாமல் மனு செல்லாது. மனு எழுதிக் கொடுத்தவர் முசிறி தாலுகாவில் ஒரு கிராமத்தின் பெயரைப் போட்டார். வரிசையில் சின்னத் தாத்தாவுக்கு முன்னும் பின்னும் நின்றவர்களுக்கும் அதே கிராமம்தான் என்று அத்தை சொல்கிறார். பிற்காலத்தில் சின்னத் தாத்தாவின் மகன் அந்தக் கிராமத்துக்கே போய் வீடு வீடாகக் கேட்டிருக்கிறார். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். யாருக்கும் எங்களைத் தெரியவில்லை.

அத்தனையும் பொய் என்றும் சொல்ல முடியாது. 'திருச்சி ஜில்லா' என்று எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு பேச்சு உண்டு. அப்பாவின் அம்மாவை 'அப்பாயி' என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மதுரை, சிவகங்கைப் பக்கம் என்றால் அப்பத்தா என்றிருக்கும். ஆனால் திருச்சி ஜில்லா என்பதும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. நாமக்கல் தாலுகா 1910இல் சேலத்திலிருந்து அதோடு சேர்ந்து, 1929இல் திரும்பப் போய்விட்டது. 1876இல் சேலத்தை விட்டு வந்தவரின் மகன், இடையில் வந்த கடிதத்தின் விலாசத்தைப் பார்த்து 'திருச்சி' என்று சொல்லியிருக்கலாம். ஊர் நகராமலே ஜில்லா நகர்ந்துவிடுகிறது.

பெயர்களும் உதவவில்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பம் எங்களுடையது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. இரண்டே பெயர்கள் மாறி மாறி ஐந்து தலைமுறைக்கு வருகின்றன. பழைய செக்ரோலில், தோட்டத்து ஆட்கள் பதிவேட்டில், ஒரு பெயரைக் கண்டால் அது தகப்பனா மகனா பேரனா என்று ஆண்டை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் 'பெரியண்ணன்' இருந்தார். பெரியண்ணனோடு வந்தோம் என்றால் ஓட்டனுக்கு ஓர் அண்ணன் இருந்திருக்க வேண்டும். அட்டவணையின் உச்சியில் அவருக்குப் பெரிய கட்டமாகப் போட்டேன். ஆள்கட்டி வந்த கங்காணியாக இருப்பாரோ என்று நினைத்து, பழைய கங்காணிக் குடும்பங்களில் விசாரித்தேன். அவருடைய பிள்ளைகள் எங்கே, அவர் வழி எந்தத் தோட்டத்தில் என்று மூன்று வருடம் தேடினேன். எங்கும் ஒரு தடயமும் இல்லை.

போன மாசியில் கோத்தகிரியிலிருந்து சின்னத் தாத்தாவின் மகன் தொலைபேசியில் பேசினார். தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், டான்டீயில், வேலை செய்து ஓய்வு பெற்றவர். எனக்குச் சித்தப்பா முறை. அங்கே அவர்களை ஊரார் இன்னும் 'சிலோன்காரர்' என்றுதான் சொல்கிறார்களாம். பேச்சின் நடுவே, "கொஞ்சம் பொறு தம்பி, பெரியண்ணனுக்குப் படையல் வைத்துவிட்டு வருகிறேன்" என்றார்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. திரும்ப வந்ததும் யார் அந்தப் பெரியண்ணன் என்று கேட்டேன்.

"நம் குலசாமியடா. மாசி பெரியண்ணசாமி. கொல்லிமலையில் இருக்கிறார். உங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிறாரே, அவர்தான்."

எங்கள் லயத்துக்குப் பின்னால், தேயிலை முடிந்து ஓடை இறங்கும் இடத்தில், ஒரு சவுக்கு மரத்தடியில் முழங்கால் உயரக் கல் ஒன்று நிற்கிறது. எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்த கல். மாசி மாதம் அதற்கு மாவிளக்கு வைத்துப் பொங்கலிடுவோம். நாங்கள் அதைக் 'கல்லுச்சாமி' என்றுதான் சொல்லி வளர்ந்தோம். ஊரை விட்டுப் பெயர்கிறவர்கள் குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்துப் போய், சேர்ந்த இடத்தில் கல் நட்டுக் கும்பிடுவது பழைய வழக்கம். பஞ்சத்தில் ஊரை விட்டவர்கள் ஒரு பிடி மண்ணை மடியில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதைத்தான் அப்பாயி சொல்லியிருக்கிறார், ஒரு சொல்லும் மாற்றாமல். கேட்ட எங்களுக்குத்தான் சாமியைத் தெரியவில்லை.

சித்தப்பா இன்னொன்றும் சொன்னார். 1970களில் சின்னத் தாத்தா புறப்பட்ட அன்று விடியற்காலை அந்தக் கல்லடியில் ஒரு பிடி மண் எடுத்துத் துணியில் முடிந்துகொண்டாராம். அட்டனில் கோச்சி ஏறி (அத்தை இன்றும் அதை அழுகைக் கோச்சி என்றுதான் சொல்கிறார்), தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கோத்தகிரி வரைக்கும் அந்த முடிச்சு அவர் இடுப்பில் இருந்தது. அங்கே அவர்கள் கும்பிடும் பெரியண்ணசாமி, டிக்கோயா மண்ணில் நிற்கிறார்.

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. மேலே ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலையைச் சுற்றி நாமக்கல், முசிறி, துறையூர்ப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பெரியண்ணசாமி குலசாமி. ஆகவே எங்கள் கிராமத்தின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. மலை கிடைத்திருக்கிறது. அந்த மலை கண்ணுக்குத் தெரிகிற ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

போன வாரம் அட்டவணையை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். ஓட்டனுக்கு அண்ணன் யாரும் இல்லை, தவறாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லி உச்சியில் இருந்த கட்டத்தை அடிக்கப் பென்சிலை எடுத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவரை எதற்கு அடிக்கிறாய்? நம்மைக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தானே. இருக்கட்டும்."

விட்டுவிட்டேன். கட்டத்துக்குள் பெயர் இருக்கிறது. பிறந்த ஆண்டுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. பிறந்த இடத்துக்கு எதிரே கொல்லிமலை என்று எழுதியிருக்கிறேன்.